முந்நூறு மடங்கு வளைந்த டிரெய்லர்

இன்று எங்கள் வெல்டிங் கடைக்கு வில்கமுவயிலிருந்து ரஷீத் நானா வந்தார். நெல் ஏற்றும் டிரெய்லர் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார்.

நான் சிமுலேஷன் படிக்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. பெருமை தாங்காமல், ஐம்பது மூட்டை ஏற்றினால் அந்த டிரெய்லர் என்னாகும் என்று லேப்டாப்பில் ஓடவிட்டுக் காட்டினேன்.

திரையில் டிரெய்லர் தொட்டில் மாதிரித் தொய்ந்தது. நடுவில் செக்கச்செவேல்.

“யா அல்லாஹ்! தங்கச்சி, இது பாதி வழியிலயே ஒடைஞ்சிருமே! எனக்கு வேணாம்.”

முதலாளி வெல்டிங்கை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“இல்ல நானா, கண்ணுக்குத் தெரியணும்னு சாஃப்ட்வேரே முந்நூறு மடங்கு பெருசாக்கிக் காட்டுது. உண்மையில ரெண்டு மில்லிமீட்டர்கூட வளையாது. செவப்புன்னா ஒடையும்னு இல்ல, மத்த எடத்தவிட அங்க அழுத்தம் கூட, அவ்வளவுதான்.”

மடங்கை ஒன்று என்று மாற்றினேன். டிரெய்லர் பலகை போல நேராக நின்றது.

நானா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

“அந்த மொத படத்த எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்ப ஏலுமா?”

“அது எதுக்கு நானா?”

“டிரெய்லர் வந்த மறுநாளே எங்க மச்சான் இரவல் கேட்டு வருவாரு. அவருக்குக் காட்டணும். இந்த மடங்கு கதையெல்லாம் அவருக்குத் தெரிய வேணாம்.”

அனுப்பிவிட்டேன். ஆர்டரும் உறுதியாகிவிட்டது.

வில்கமுவயில் ரஷீத் நானாவின் மச்சானைத் தெரிந்தவர்கள் லைக் போடலாம், கமெண்ட் போடலாம். ஷேர் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.