துணிப்பை என்று நான் சொன்னது

அடுத்தவருக்கு நல்ல பழக்கம் சொல்லித் தருவதில் எனக்கு ஒரு ருசி உண்டு. நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. பிளாஸ்டிக் டம்ளரில் டீ குடிப்பவரைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. இதனாலேயே என் மனைவி என்னோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் அம்மா மட்டும் நான் சொல்வதை நின்று கேட்பார். அவருக்கும் என் வயதுதான். உரச் சாக்கைக்கூட என்னிடம் காட்டி, இதை எரிக்கலாமா, கூடாதா என்று கேட்டுக்கொள்வார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். ஊரிலேயே, வடிகால் வாய்க்கால் கரையில் இருக்கும் மண்டபத்தில். தாம்பூலம் துணிப்பையில்தான் தருவேன் என்று ஊரெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். தஞ்சாவூரில் பை அச்சடிக்கும் கடைக்காரர் இரண்டு மாதிரிகளை எடுத்துப் போட்டார். ஒன்று காடாத் துணி. மங்கலாக இருந்தது, எழுத்தும் கொஞ்சம் கசிந்திருந்தது. இன்னொன்று பளிச்சென்று மஞ்சள்.

"சார், இது பாக்கத்தான் துணி மாதிரி இருக்கும். ஆனா பிளாஸ்டிக்தான். காடான்னா பத்து நாள் ஆகும்" என்றார்.

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. நேரமில்லை என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. மஞ்சளில் மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் எடுப்பாக இருக்கும். அதற்குக் கீழே நான் எழுதிக் கொடுக்கப்போகும் வாசகமும் நன்றாகத் தெரியும்: 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், காவிரியைக் காப்போம்.' தொட்டுப் பார்த்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

மண்டப வாசலில் நானே நின்று ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்தேன். துணிப்பை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னேன். தலைமை ஆசிரியர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். நான் கூச்சப்படுகிற மாதிரி நடித்தேன். பாதிப் பேர் தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு பையை நாற்காலியிலேயே விட்டுப் போனார்கள். கொடுத்தது போக மிச்சமிருந்த இரண்டு கட்டுப் பைகளையும் நான் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். மண்டபத்துக் குப்பை ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஐப்பசியில் விடாமல் மழை. அந்த அம்மா சம்பா நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. அந்த வருடம் அவர் குறுவை போடவில்லை. வீட்டுக்கு நெல் என்றால் இந்த ஒரு போகம்தான். போனில் குரல் இறங்கியிருந்தது.

"அஞ்சு நாளா தண்ணி வடியலைங்க சார். பயிர் முழுகிக் கெடக்கு. ரோட்டுக்கு அடியில குழாய் அடைச்சிருக்கு போல."

குடையோடு போனேன். நாலைந்து விவசாயிகள் கரையில் நின்றார்கள். மார்பளவுத் தண்ணீரில் அந்த அம்மா இறங்கி, குழாய் வாயில் கைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஆகாயத்தாமரை வந்தது. பிறகு மட்டைகள். அதன் பிறகு மஞ்சள் மஞ்சளாகப் பைகள் வந்தன, சில கட்டுக்கூடப் பிரிக்காமல். முதல் பையைத் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதைக் கரையில் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். அடுத்ததையும் அப்படியே வைத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

கரையில் இருந்தவர்கள் கண்ட கழுதையெல்லாம் குப்பையை வாய்க்காலில் கொட்டுகிறது என்று திட்டினார்கள். நீங்கள்தான் சார் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று என் பக்கம் திரும்பினார்கள். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். நான் வாங்கியது, நான் விட்டுவந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஜனங்களுக்கு விழிப்புணர்வு வரணும்" என்றேன்.

தண்ணீருக்குள் இருந்தவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்தது. ஆனால் பள்ளத்து வயல் முழுக்கப் பயிர் அழுகிவிட்டது. மிச்ச நாற்று கேட்டு அவர் ஊர் ஊராக அலைந்ததாகக் கேள்விப்பட்டேன். நான்கு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வயலுக்குப் போனேன். எங்கிருந்தோ கிடைத்த நாற்றை வைத்து அவர் தனியாக நடவு செய்துகொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் சொன்னது, தெரிந்தே வாங்கியது, துணி என்று பொய் சொல்லிக் கொடுத்தது, கரையில் நின்று பேசியது.

அவர் நாற்றைக் கையில் வைத்தபடியே கேட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"மழையில அடுப்பு பத்தலன்னு கல்யாணத்துல நீங்க குடுத்த பையத்தான் சார் கிழிச்சுப் போட்டேன். எரியாம உருகி ஒழுகுச்சு. சார் துணின்னுதான சொன்னாரு, நமக்குத்தான் துணி எதுன்னு தெரியல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி நாற்று நடுவதற்குக் குனிந்தார். தன் கண் முன்னால் உருகியதை நம்பாமல் அவர் என்னை நம்பியிருக்கிறார்.