ஈரத்தில் ஒட்டிய ஷீட்

மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமலிருக்க ஷீட் ஒட்டுவதால் அவருக்கு ஷீட்காரர் என்றே பெயர். அவர் ஒட்டிய ஒரு வீடு முதல் மழைக்கே ஒழுகியது. பார்க்கப் போனபோது வீட்டுக்காரம்மா மாமனாரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நாற்காலிய இழுத்து இழுத்து ஷீட்டையே கிழிச்சுட்டீங்க!"

"தப்புதாம்மா" என்றார் பெரியவர்.

ஷீட்காரர் மாடிக்கு ஏறி ஷீட்டைப் பிரித்துப் பார்த்தார். கிழிசலே இல்லை. கழுவிய தளம் காயுமுன் அவர் அவசரமாக ஒட்டியதால் பிடிக்காமல் உப்பியிருந்தது. அதைச் சொல்லாமல், மறுபடி ஒட்ட அரை நாள் வேலை செய்தார்.

பெரியவர் தண்ணீர் கொண்டுவந்தார். "என்னால உனக்கு ரெட்டை வேலை, தம்பி."

ஷீட்காரர் தண்ணீரை வாங்காமல் எழுந்தார். நேராகக் கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் போனார். "அக்கா, ஐயா மேல தப்பில்ல. ஈரத்துல ஒட்டுனது நான்தான்."

பின்னாலேயே வந்த பெரியவர், "பரவால்லப்பா" என்றார்.

அதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது ஷீட்காரருக்கு.