மீன் எண்ணெய்க் கறை படிந்த இஞ்சு டேப்

போன மாதம் பீரோவை ஒழித்தபோது இரண்டு இஞ்சு டேப்புகள் கிடைத்தன. ஒன்று மேலே சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காத புதுசு. இன்னொன்று பழுப்பேறி, பாதி எண்கள் அழிந்து, முழ நீளத்துக்கு எண்ணெய்க் கறை படிந்தது. என் மருமகள் கறை படிந்ததை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, தூரப் போட்டுடட்டுமா என்று கேட்டாள். வெடுக்கென்று பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். அவளுக்கு ஒரு வாசமும் வரவில்லையாம். எனக்கு வந்தது, நன்றாகவே வந்தது.

என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் செஞ்சிக் கடைத்தெருவில் டெய்லர். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைப்பேன், ஓரம் அடிப்பேன். நாங்கள் சைவம். அவர் பொல்லாத சைவம். சந்தை நாளில் எங்கள் கடைக்கு நேர் எதிரே மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வரும் கருவாட்டுக்காரம்மா கூடையை இறக்குவாள். தைத்து மடித்து வைத்த துணியிலெல்லாம் நாற்றம் ஏறுகிறது, கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா என்று இவர் ஆரம்பிப்பார். உன் கடையைத் தூக்கிக்கொண்டு நீ தள்ளிப் போயேன் என்பாள் அவள். ஒரு சந்தை தவறாமல் இந்தக் கச்சேரி நடக்கும். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்தான் வரும்.

அறுபதுகளில் ஒரு கார்த்திகையில் கரையோரம் புயல் அடித்தது. எங்கள் ஊரில் நாலு மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்டு போனதோடு சரி. அடுத்த சந்தைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. இவர் மிஷினை மிதிப்பதும் எதிரே பார்ப்பதுமாக இருந்தார். நாற்றம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறதா என்று சீண்டினேன். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் ரைஸ்மில்காரரிடம் போய் லாரி கேட்டது இவர்தான். வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று தெருத்தெருவாகச் சேர்த்து, பள்ளிவாசல் அண்டாவில் புளிச்சோறு கிளறி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் குப்பத்துக்கு அனுப்பினோம்.

மூன்றாவது நடை போய் லாரி திரும்பியபோது அதில் அவளே வந்து இறங்கினாள். கையில் கூடை இல்லை, முடிச்சு முடிச்சாகப் போட்ட ஒரு கயிறு இருந்தது. நேராகக் கடைக்கு வந்து அதை மிஷின் மேல் போட்டாள்.

"இன்னா டெய்லரு, சோறு போட்டீங்க, தின்னோம். எத்தினி நாளைக்குக் கையேந்துறது? மரம் கரையில சும்மா கெடக்குது, பாய் கிழிஞ்சிப்போச்சி. இப்பதான் மீன் கரைய ஒட்டி வருது. இதை உட்டா என் ஊட்டுக்காரன் வேற ஊருக்குக் கூலிக்குத்தான் போவணும். பாய் தச்சிக் குடு."

மரம் என்றால் கட்டுமரம். பாய் காற்றுப் பிடிக்கிற துணி. இவர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. கோட்டை மலை உச்சிக்கு ஏறினாலும் எங்களுக்கு வயலும் ஏரியும்தான் தெரியும். ஆனாலும் பழைய பாயின் அளவுக்குக் கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகளை டேப்பில் அளந்து குறித்துக்கொண்டார். ரைஸ்மில்காரர் நெல் மூடும் படுதாவைக் கொடுத்தார், கோயிலிலிருந்து பந்தல் துணி வந்தது. பட்டைகளை ஒட்டி மூன்று முனையாக வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்து, இஸ்திரி வேறு போட்டார். அதைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

பாயோடு மிஷினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். பாயைக் கழியில் கட்டி ஏற்றினார்கள். குப்பமே கரையில் நின்றது. மரம் கொஞ்ச தூரம் போயிற்று, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, அலை மரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டது. அவள் புருஷன் தயங்கித் தயங்கிச் சொன்னார். அளவெல்லாம் சரிதானாம். ஆனால் பலகைபோல் தட்டையாக இருக்கிறதாம், காற்று வந்து தங்க வயிறு இல்லையாம். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை துணியையும் வெட்டியாயிற்று. ஊரில் கேட்க வேறு துணி இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவர் மட்டும் பாயின் தையலைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாசமா இருக்கிறவளுக்கு ஜாக்கெட் பிரிச்சி உட்டுக் குடுக்கிறதில்லையா? கத்திரி எடு."

எந்தத் துணி தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் மடித்து விடுவது இவர் வழக்கம். வளர்கிற பிள்ளைக்கு ஆகும், பெருக்கிற உடம்புக்கு ஆகும் என்பார். துணி வீண் என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். பாயிலும் பழக்கதோஷத்தில் பட்டைக்குப் பட்டை விட்டிருந்தார். மணலில் மிஷின் கால் புதைய, குப்பத்து ஆட்கள் உடைந்த மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தினார்கள். மீன் எண்ணெய் ஊறிய கழியில் டேப்பை வைத்து வைத்து அளந்து, நடுவில் தையலைப் பிரித்துத் துணியை விட்டு, ஓரத்துக்கு வரவர ஒடுக்கித் தைத்தார். நான் பிரித்தேன், பெண்கள் துணியைத் தாங்கிப் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

மறுபடி ஏற்றினார்கள். பாய் ஒரு தடவை தொங்கிற்று, பிறகு பொம்மென்று உப்பியது. மரம் அலையைத் தாண்டிப் போயே போய்விட்டது. குப்பமே கத்தியது. இவர் வேட்டி நனைவதுகூடத் தெரியாமல் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். கல்யாணமான நாள்முதல் அந்த மனுஷனை அப்படி நான் பார்த்ததில்லை. அப்புறம் அந்தப் பாயையே மாதிரியாக வைத்துக்கொண்டு, குப்பத்து ஆட்கள் கூடமாட உட்கார்ந்து, திண்டிவனம் வரைக்கும் கேட்டு வாங்கிய துணியில் மற்ற மரங்களுக்கும் பாய் தைத்தோம்.

டேப்பை எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் வாசம் போகவில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் புதுசு வாங்கிக் கொடுத்தேன். இவர் அதைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டுவிட்டு, பழசையே கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

தை பிறந்து ஒரு சந்தை நாளில் எதிரே கூடை இறங்கியது, தளும்பத் தளும்பக் கருவாடு. இவர் தலை நிமிராமலே கேட்டார், "கொஞ்சம் தள்ளி உக்காரக் கூடாதா?"

"நீ தள்ளிப் போ டெய்லரு. என் கூடையவிட உன் டேப்புதான் நாறுதாம், ஊரே பேசிக்கிது."

இவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கும் அன்றைக்கு எரிச்சல் வரவில்லை.

மருமகள் இன்னும் குப்பைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். புது டேப்பை அவளிடம் கொடுத்துவிட்டேன்.