வாப்பா காட்டிய இங்கிலாந்து

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதிலேயே இங்கிலாந்து போய்வந்ததாகப் பள்ளியில் அளந்துவிட்டு, வகுப்புக்கு வெளியே முட்டி போட்டவன் நான்.

இன்று நிஜ இங்கிலாந்தின் பழைய கிராமமொன்றில், கல்வீடுகளைத் தாண்டி வயல்வெளிப் பாதையில் நடந்தேன். தூறலில் ஈரப்புல்லும் சாணமும் மணந்ததும் குதித்தேவிட்டேன். அட, சலாலா!

வளைகுடாவே வெயிலில் வேகும் மாதத்தில் ஓமானின் சலாலா மலையில் மட்டும் தூறும். அந்நாட்டில் வைத்திருந்த மளிகைக்கடையை அடைத்துவிட்டு வாப்பா எங்களைக் காரில் ஏற்றிப்போவார். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, "நல்லா நனைங்க, இதான் இங்கிலாந்து" என்பார். மூடுபனிக்குள் மாடுகள் மேயும். நம்பினேன், முட்டி போட்டபின் வாப்பா சொன்ன எதையும் நம்பவில்லை.

இன்னும் அதே கடையில் உட்கார்ந்திருப்பவரை வீடியோ காலில் அழைத்து, வயலைச் சுற்றிக்காட்டிக் கத்தினேன்: "வாப்பா, நீங்க சொன்ன மாதிரியே இருக்கு!"

"பின்ன, நான் பொய்யா சொன்னேன்?"