செம்புத் தண்ணீரும் நாய்க்கூட்டுத் தரையும்

குடிக்கக் கொடுத்த தண்ணீரை வாயில் விடாமல், விறாந்தைத் தரையில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்க்கிறார் குணலட்சுமி அக்கா. எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தபின் செருப்பைக் கழற்றி, ஈரத்தில் குதிக்காலை வைத்து ஒரு தேய்ப்பு. வழுக்கினால் முகம் சுருங்கும். கலியாண வீடோ சாவீடோ, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். வீட்டுக்காரி துணியோடு ஓடி வந்தால், "துடையாதை பிள்ளை, அது எங்கை போகுதெண்டு பாக்கவேணும்" என்று கையைப் பிடித்துவிடுவார். சண்டிலிப்பாயில் இப்போது அவர் வந்தால் மூடி திறக்காத சோடாப் போத்தலைத்தான் நீட்டுகிறார்கள்.

அக்காவின் கத்தரித் தோட்டத்துக்குப் பின்னால் நாய்க்கூடு இருக்கிறது. கனடாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் நாய்கள் பாதி. தெருவில் அடிபட்டு வந்து ஒட்டிக்கொண்டவை மீதி. "எனக்குக் காய்ச்சலெண்டால் ஒரு பனடோல், உவைக்கெண்டால் கஞ்சி" என்று கணவர் செல்வநாயகம் முறைப்பாடு வைப்பார். வைத்துக்கொண்டே கஞ்சிப் பானையை இறக்கிக் கொடுப்பவரும் அவர்தான்.

இந்தத் தரைப் பைத்தியம் போன மாரியில் பிடித்தது. அப்போது கூட்டில் பழைய சீமெந்துத் தரை, எங்கும் வெடிப்பு. செம்பி என்ற நாய் போட்ட குட்டிகள் இரத்தமாய்க் கழிந்து, ஒன்றுகூட மிஞ்சாமல் செத்துப்போயின. மிருக வைத்தியர் றஜனி தரையைத்தான் காட்டினார். "அக்கா, உந்த வெடிப்புக்குள்ளை மூத்திரமும் கிருமியும் ஊறிப்போய்க் கிடக்கு. எவ்வளவு கழுவினாலும் போகாது. தரையை மாத்தாட்டி அடுத்த குட்டியளுக்கும் இதுதான் கதி." குட்டிகளைப் புதைத்த பிறகும் செம்பி அந்த வெடிப்புகளை மோந்துகொண்டே திரிந்தது. 

இந்த வருடம் செம்பிக்கு மறுபடி வயிறு. மாரிக்கு முன் தரை மாறியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்குச் சுத்தமென்றால் மாபிள். அக்கா மட்டும் விதிவிலக்கா என்ன? முகம் பார்க்கக்கூடிய வெள்ளை மாபிளாய்த் தேடிப் பதித்தார். "நாயெண்டாலும் வீடு வீடுதானே" என்று நல்ல நாள் பார்த்துக் குடிபூரலும் வைத்தார்! பால் காய்ச்சியாயிற்று. வழக்கப்படி பசு முதலில் நுழைய வேண்டுமே, அயல்வீட்டுப் பசுவை இழுத்து வந்தார்கள். அது ஒரு காலை உள்ளே வைத்தது, சறுக்கியது, பின்வாங்கி வாசலில் சாணம் போட்டுவிட்டு மறுத்து நின்றது. ஊர் வயிறு பிடித்துச் சிரித்தது. அக்கா அசைந்தாரா? "மாட்டுக்குக் குளம்பு, வழுக்கும்தான். நாய்க்கு நகமிருக்கு!"

அடுத்த கிழமையே வீரன் என்ற கிழட்டு நாய் எழும்பப் போய், பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாய் விரிய விழுந்தது. வலியில் அது கத்திய கத்தலில் செல்வநாயகம் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். அன்று பின்னேரமே அக்கா உளியும் சுத்தியலும் எடுத்து மாபிளை உடைத்துப் பெயர்த்தார். "என்ரை பவிசுக்கு உதின்ரை காலையெல்லோ முறிக்கப் பாத்தன்" என்று அழுதழுது பெயர்த்தார். அதற்குப்பின் றபர் விரிப்பு வாங்கிப் போட்டார். அதை நாய்கள் பலகாரம்போல் கடித்துத் தீர்த்தன.

செம்பியின் வயிறு இறங்கிக்கொண்டு வந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

பருத்தித்துறைக்கு மீன்தலை வாங்கப் போன ஒரு காலையில், கரையில் மீனவர் லெனாட் தன் பைபர் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் இரத்தமும் கணவாய் மையும் ஒரு வாளித் தண்ணீரோடு போய்விட்டதை அக்கா கண்டுவிட்டார். கேட்கவுமில்லை, பறையவுமில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டார்.

"இதென்ன அக்கா, கோயிலே? செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுறியள்!"

அக்கா ஈரத்தில் குதிக்காலைத் தேய்த்தார். வழுக்கவில்லை. இன்னொருமுறை தேய்த்தார்.

"தம்பி, உதிலை என்ன போட்டனீங்கள்?"

"பைபர் பாயும் ரெசினும். மேலை மெல்லிசாய் மணல் தூவுறது. இல்லாட்டி வலை இழுக்கேக்கை நாங்கள் கடலுக்கைதான்."

"வெடிப்பு, இடுக்கு ஒண்டும் வராதே?"

"வந்தால் தண்ணி புகுந்து தாண்டெல்லோ போவம்!"

"அப்ப என்ரை நாயளுக்கும் ஒரு போட் கட்டித் தாங்கோ" என்றார் அக்கா. பகிடி என்று நினைத்து லெனாட் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த லெனாட், "ஓம் அக்கா, வாறன்" என்றார்.

வந்தார். மேசன் புதுச் சீமெந்தைத் தண்ணீர் வடியும் கானை நோக்கிச் சரிவாய்ப் போட்டு நன்றாகக் காயவிட்ட பிறகு, லெனாட் அதன்மேல் பைபரை ஒட்டினார். அழுக்கு மூலையில் ஒதுங்காதபடி, சுவரடியை வள்ளத்தின் வயிறுபோல் வளைத்தார். ரெசின் மணம் போகும்வரை நாய்களெல்லாம் வீட்டு விறாந்தையில். செல்வநாயகத்துக்குத் தோட்டக் கொட்டில். இந்தமுறை பசுவுக்கு அழைப்பில்லை. வீரன்தான் முதலில் நுழைந்தது. வாசலில் நின்று யோசித்தது, ஒரு காலை வைத்தது, பிறகு நொண்டி நொண்டி மறுசுவர்வரை போய்த் திரும்பியது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மாரி வெளுத்து வாங்குகிறது. செம்பியின் குட்டிகள் தாயோடு பலகைக் கட்டிலில் உருண்டு கிடக்கின்றன. கண் திறந்து, இறங்கி நடக்கவும் பழகிவிட்டன. காலையில் வந்த றஜனி ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சுகமாய் இருக்கினம் அக்கா" என்று சொல்லிப் போனார்.

செல்வநாயகம் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். கொடுத்துவிட்டு, வழக்கம் தெரிந்த மனிதர், ஒரு எட்டு விலகி நின்று தரையைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். ஒரு குட்டி நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அது நூலாய் இறங்கிக் கானுக்குள் போயிற்று.

அக்கா செம்பைத் தூக்கி அண்ணாந்தார். மடக்கு மடக்கென்று, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.