அக்காவின் பாசிட்டிவ் ரிப்போர்ட்

எங்கள் அக்கா உறையூரில் டவுன் பஸ் கண்டக்டரின் மூத்த மகளாகப் பிறந்தார். லேப் டெக்னீசியன் படித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனவர், எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுக்கு ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டார். எங்களிடம் கேட்கவில்லை, தெரிவித்தார். அவர் சுபாவம் அது. ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதன் அடையாளத்தை உடம்புக்குக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார்.

அந்த ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வீணாகக் கையை நீட்டினாயே என்று கேலி செய்தேன். எது பலிக்காது என்று தெரிந்தால்தான் அடுத்ததைச் செய்கிறவர்கள் அதே இடத்தில் முட்டிக்கொள்ள மாட்டார்கள் என்றார். அடுத்தது வரும் என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே இருந்ததில்லை.

கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த சில வருடங்களில் பித்தப்பை ஆபரேஷனுக்காகத் திருச்சியில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். ஊசிதான் நோயைக் கொடுத்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அக்கா அசரவில்லை. தடுப்பூசி ஆய்வில் கலந்துகொண்டதற்குக் கொடுத்திருந்த அட்டையை டாக்டரிடம் காட்டி, உடம்பு அந்த ஊசியை ஞாபகம் வைத்திருப்பதைத்தான் இந்த டெஸ்ட் காட்டுகிறது, கிருமியையே தேடும் டெஸ்டை எடுங்கள் என்றார். எடுத்தார்கள். கிருமி இல்லை. ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது.

அந்த இரண்டாவது டெஸ்டின் ரிசல்ட் வரும்வரை அக்கா எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த இரண்டு நாளும் அவருடைய தட்டையும் டம்ளரையும் நான் தனியாக வைத்தேன். ரிசல்ட் வந்ததும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இல்லைன்னதும் சேர்த்து வச்சுட்ட. இருந்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?"

கோபமே இல்லாமல் கேட்டார். நான் தட்டுகளை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன். ஒன்றாகச் சாப்பிட்டால் பரவாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் மாரடைப்பில் அக்கா எங்களை விட்டுப் போனார். அன்று ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும், அத்தானைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவோடு பழகிய, எச்.ஐ.வி.யோடு வாழும் இரண்டு பேர் பதினாறாம் நாள் வந்து ஓரமாக நின்றார்கள். இதை எழுதச் சொன்னதும் அவர்கள்தான். அன்று அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பந்தியில் உட்காரவைத்தேன். பக்கத்து இலையில் நான் உட்கார்ந்தேன்.

இருந்திருந்தாலும் இப்படித்தான் சாப்பிட்டிருப்போம், அக்கா. பதில் சொல்ல எனக்குத்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.