மருந்து டேங்க் கழுவும் இடம்

குடவாசலில் டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர் அது. தலைமையாசிரியரும் நானும் மட்டும் வேலை பார்த்த தொடக்கப் பள்ளி. அவருக்குப் பாதி நாள் கூட்டம், மீதி நாள் கூட்டத்துக்கான அறிக்கை. அதனால் சுற்றுச்சூழல் மன்றம் என் தலையில் விழுந்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, 'மரம் வளர்ப்போம்' என்ற பதாகையைப் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டால் போதும். அந்த மாதத்துக்கான சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டுவிடும்.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது. வீம்புக்கென்றே வேறு ஒன்றைத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு அழைத்துப்போவேன். வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் தண்ணீரை மொண்டு, அதில் உயிரோடு இருப்பதையெல்லாம் எண்ணி நோட்டில் எழுத வேண்டும். நத்தை, தலைப்பிரட்டை, கெண்டைக்குஞ்சு, தண்ணீர்மேல் ஓடும் பூச்சி. பெயர் தெரியாவிட்டால் படம் வரையலாம். பெயர் தெரியாமல் முழித்தது பெரும்பாலும் நான்தான். எல்லாவற்றையும் மீன் என்றே சொல்கிற டீச்சர் என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

நோட்டு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பொறுப்பில் இருந்தது. எண்ணிக்கையில் அவளை ஏமாற்ற முடியாது. ஒரே நத்தையை இரண்டு பேர் எண்ணிவிட்டால் சண்டைக்கு வந்துவிடுவாள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அவள் அப்பாவின் தொழில் என்று சேர்க்கைப் பதிவேட்டில் 'கூலி' என்று இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். என்ன கூலி என்று நான் கேட்டதில்லை.

குறுவை நெல் நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கெண்டைக்குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. படித்துறைப் பக்கம் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. கரையில் இரண்டு காலிப் பூச்சிமருந்து பாட்டில்கள் கிடந்தன. தொடாதீர்கள் என்று நான் கத்துவதற்குள் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மருந்தடிச்சிட்டு இங்கதான் டேங்கு கழுவியிருக்காங்க டீச்சர்."

"யாரு?" என்றேன்.

ஊரில் யார் வீட்டு ஆடு யார் வயலில் மேய்ந்தது என்பதுவரை எனக்கு வந்து சொல்கிற பிள்ளைகள். அன்றைக்குத் தரையைப் பார்த்தார்கள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மீன் செத்த காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு அட்டைப் பலகை தயார் செய்தோம். 'வாய்க்காலில் மருந்து டேங்க் கழுவாதீர்கள். மீன்கள் சாகின்றன.' கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று அந்தப் பெண்ணையே எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள். ஓரத்தில் ஒரு மீனும் வரைந்தாள். வாய்க்கால் மதகுக் கம்பியில் கட்டி, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டேன். என் போட்டோவுக்கு அத்தனை பேர் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளி வாசலில் ஒருவர் நின்றார். அவளுடைய அப்பா. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"எனக்குப் படிக்க வராதுங்க. மதகுப் பலகையில என்ன இருக்குன்னு டீக்கடையில சொன்னாங்க. பாப்பா எழுதுனதாமே. எழுத்து நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் முதுகில் டேங்க் மாட்டி வயலுக்கு மருந்தடிக்கிறவர் இவர் ஒருவர்தான். எல்லா வயலுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பெயர் போடாமல் எழுதிவிட்டோம் என்று நினைத்திருந்தேன். பெற்ற மகள் கையாலேயே அப்பாவின் பெயரை எழுதவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பலகையைக் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்க. பாப்பா எழுதுனது, இருக்கட்டும். ஆனா நான் எங்க போயி கழுவுறது, அத மட்டும் சொல்லுங்க." அவர் கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டார். "களைக்கொல்லி அடிச்ச டேங்க கழுவாம அடுத்த வயலுக்கு மருந்து கலந்தா பயிரு பட்டுப்போயிடும். பம்புசெட்டுல விட மாட்டாங்க. அடிபம்பு ஊரே குடிக்கிற தண்ணி. வாய்க்கால விட்டா எங்கங்க?"

அவரை நிற்கவைத்துவிட்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளிக்க வேண்டும், பாட்டிலிலேயே போட்டிருக்குமே என்றார் அங்கிருந்தவர். கையுறை போட வேண்டுமாம். பாடம் நடத்துவது போல அதை வாசலில் நின்றவரிடம் அப்படியே சொன்னேன். அந்தப் பெண் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வயக்காரரு விட மாட்டாருங்க. மறுபடி ஊத்துனா பயிரு கருகிடும்பாரு," என்றார் அவர். "சரிங்க, பாத்துக்குறேன்," என்று போய்விட்டார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தேன்.

அதற்குப் பிறகு வாய்க்கால் தெளிந்தது. மூன்று வெள்ளிக்கிழமை ஒரு மீன்கூடச் சாகவில்லை. தலைப்பிரட்டைகள் திரும்பி வந்தன. மனிதர் எப்படியோ வழி கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்டிருக்கலாம். பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில்தான் கேட்காமல் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாலாவது வாரம் அவள் நோட்டில் எழுதும்போது பென்சில் நழுவி நழுவி விழுந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "அவங்க வீட்டு டேங்க அவதான் டீச்சர் கழுவுறா. கொல்லையில."

"மூணு தடவ கழுவுறேன் டீச்சர்," என்றாள் அவள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. "நீங்க சொன்னீங்கல்ல. அப்பா அசந்து வருவாங்க, ஒரு தடவதான் கழுவுவாங்க. அவங்க குளிக்கப் போனதும் நான் எடுத்துக் கழுவிடுவேன்."

நான் நடத்திய பாடங்களிலேயே வரி பிசகாமல் ஒரு பிள்ளை செய்துகாட்டியது அது ஒன்றுதான். அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இனிமேல் அந்த டேங்கைத் தொடவே கூடாது, உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றேன். பேசி என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலேயே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினாள்.

"வாய்க்கால்ல மீனு சாவலல்ல டீச்சர்? எங்கப்பாவ இனிமே யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?"

சொல்ல மாட்டாங்க என்றேன். திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டேன். போதும் டீச்சர், எரியுது என்றாள்.